மருந்துக்கல்லும் முள்வாங்கியும்

(பொல்பிட்டியவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நூதனசாலைகளிலே பேணப்படும் பழைய வைத்தியக் கருவிகளையும், மனிதர் தம் உடலைப் பேணிக்கொள்ளக் கையாண்ட பொருள்களையும் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச முன்வந்திருக்கின்றோம். ‘கொழுந்துக் கூடைக்கும் நூதனசாலைக்கும் என்ன உறவு?’ என்று பின்வரிசைத் தம்பிமார் சிலர் நினைக்கக்கூடும். உறவு உண்டு. அதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் வைக்கும் இடத்துக்கு நம் நாட்டுத் தமிழர் இட்ட பெயரோ நூதனசாலை. இது முரண்போலத் தோன்றினும் பொருத்தமான பெயரே. அன்றாடம் கையில் புரண்ட பொருள் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றதும் புதுமையாகிவிடுகின்றது. நேற்றுவரை நாம் பாராத ஒன்றை அதனிடத்தே பார்க்கின்றோம்.

இலங்கையிலே இத்தகைய பொருள்களைக் காண விரும்புவோர் முதலில் மிகிந்தலைக்குச் செல்லவேண்டும். மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையின் அடித்தளம் இன்றும் கிடக்கின்றது. நடுவே ஒரு முற்றம், சுற்றிலும் நோயாளர் தங்கிய சிறு அறைகள். அங்கே ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒன்று இருக்கின்றது. சிங்கள மக்கள் அதனை ‘பெஹெத் ஒருவ’ என்பர்; மருந்துத் தோணி என்பது பொருள். ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள அக்கல்லின் உட்புறம், தலை, தோள், உடல், கால் என மனித வடிவமாகவே செதுக்கப்பட்டிருக்கின்றது. நோயாளியை அதிலே கிடத்தி, மூலிகைக் கஷாயத்திலோ தைலத்திலோ உடல் முழுவதும் தோயச் செய்தனர். மனித வடிவமாக ஏன் குடைந்தார்கள்? தொட்டி சதுரமாயிருந்தால் அதை நிரப்ப எவ்வளவு மருந்து வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உடலின் அளவுக்கே குழி இருந்தால் குறைந்த மருந்து போதும். அரிய தைலத்தை வீணாக்காத சிக்கனம் அந்தக் கல்லிலே தெரிகின்றது. அதே வைத்தியசாலையிற் கிடைத்த நீலப்பூச்சு ஜாடி ஒன்று பாரசீகத்திலிருந்து கடல் கடந்து வந்தது. மருந்தும் மருந்துப் பாத்திரமும் அந்நாளிலேயே தேசம் விட்டுத் தேசம் சென்றிருக்கின்றன.

அடுத்துப் பொலன்னறுவை. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்தான். அவன் காலத்து ஆளாகன பிரிவேனாவின் வைத்தியசாலையை 1980களில் தொல்பொருள் ஆய்வாளர் அகழ்ந்தபோது சத்திரசிகிச்சைக் கருவிகள் வெளிப்பட்டன. இடுக்கி, கத்தரிக்கோல், கத்திப்பிடி, புண்ணின் ஆழம் பார்க்கும் சலாகை, மருந்து நிறுக்கும் சிறு தராசு, கரண்டிகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைப் பொலன்னறுவை நூதனசாலையிற் காணலாம். காண்போர் எவரும் முதலில் வியப்பது ஒன்றே: இவை நம் வீட்டுப் பொருள்கள் போலவே இருக்கின்றனவே! 800 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த இடுக்கிக்கும், நம் அப்பாயி இடுப்பு முடிச்சில் வைத்திருந்த முள்வாங்கிக்கும் வடிவத்திலே பெரிய வேற்றுமை இல்லை.

இவ்விடத்திலே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இன்றைய நூதனசாலைகள் வைத்தியக் கருவியை ஒரு பெட்டியிலும், சீப்பு, மைக்கோல், சவரக்கத்தி முதலியவற்றை வேறொரு பெட்டியிலும் வைக்கின்றன. பழங்காலத்தவர் வாழ்விலே இப்பிரிவு இருந்ததில்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு, காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள கோயில் ஒன்றில் இருக்கின்றது. அது 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஒன்றின் கணக்கைச் சொல்கின்றது. வைத்தியர், சத்திரம் செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருடன் நாவிதருக்கும் அங்கே இடமுண்டு. எண்ணெய்க்கும் விளக்குக்கும் அளவுண்டு. மருந்துகளின் பெயர்ப்பட்டியலும் உண்டு. உடலைத் தூய்மையாக வைப்பதும் நோயைத் தீர்ப்பதும் ஒரே பணியின் இரு கைகள் என்பதை அக்கல்வெட்டு அறிந்திருக்கின்றது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். இலண்டனிலே முடிதிருத்துவோரும் சத்திரவைத்தியரும் 1540ஆம் ஆண்டிலிருந்து ஒரே சங்கமாக இருந்தனர், 1745இலேதான் பிரிந்தனர். பிரிந்தபின் சத்திரவைத்தியர் உயர்ந்தார், முடிதிருத்துவோர் பின்தங்கினார். நம்மிடையேயும் அவ்வாறே நிகழ்ந்தது. கிராமத்து நாவிதரின் தோற்பைக்கு அடைப்பம் என்று பெயர். சவரக்கத்தி, சாணைக்கல், நகம் வெட்டி, காதுக்குறும்பி வாங்கும் கரண்டி, கட்டி கீறும் கூர்க்கத்தி யாவும் அதற்குள் இருந்தன. அவர் பரியாரி எனப்பட்டார். அவர் வீட்டு அம்மையார் மருத்துவச்சி எனப்பட்டார். பரியாரி என்ற சொல்லுக்கு வைத்தியர் என்பது பொருள். ஊரார் பிறக்கும்போது தாங்கிய கையும் அவர்களுடையது. இறந்தபின் சடங்குக்கு வந்த கையும் அவர்களுடையது. ஆனால் அவர்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது நம் சமுதாயம். அடைப்பத்தை ஒரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போமாயின், இந்த அநீதியையும் அதன் பக்கத்திலே எழுதி வைக்கவேண்டும். இல்லையேல் அது அரைக் கதையாகவே நின்றுவிடும்.

பெரும் நூதனசாலைகள் இத்தகைய பொருள்களை எவ்வாறு சேர்த்தன? ஹென்றி வெல்கம் என்ற மருந்து வியாபாரி அமெரிக்காவில் 1853இல் பிறந்து இங்கிலாந்திலே செல்வம் சேர்த்தவர். மனிதகுலம் உடலைப் பேணிய வரலாறு முழுவதையும் பொருள்களாலே சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. 1913இல் இலண்டனில் வைத்திய வரலாற்று நூதனசாலை ஒன்றைத் திறந்தார். 1936இல் அவர் காலமானபோது 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்ந்திருந்தன. அவருடைய முகவராகிய பைரா மல் என்ற வைத்தியர் 1911 முதல் 1921 வரை இந்தியாவெங்கும் சுற்றி ஏடுகளையும் பொருள்களையும் திரட்டி அனுப்பினார். இன்று அச்சேகரத்தின் வைத்தியப் பகுதி இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் காட்சிக்கு இருக்கின்றது. அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. எனினும், பொருளைக் கொடுத்த கை யாருடையது, அவ்வூரிலே அதற்கு என்ன பெயர் என்ற விவரம் பொருளோடு போகாவிட்டால், கடல் கடந்த அப்பொருள் ஊமையாகிவிடும்.

இதற்கு மறுதலையாக, பெயர்களைக் காப்பாற்றிய ஒருவரும் நம் நாட்டிலே இருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். 1867இல் வெளியான ‘இரணவைத்தியம்’, 1875இல் வெளியான ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் வந்தவை. சத்திரக் கருவிகளுக்கும் உடலுறுப்புகளுக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடி அமைத்தவர் அவர். கருவி துருப்பிடிக்கலாம்; சொல் நிலைத்தால் கருவியின் பயன் நிலைக்கும் என்பதை அவர் பணி நமக்கு உணர்த்துகின்றது.

இனி நம் மலைக்கு வருவோம். இம்மலைகளில் தேயிலை படர்வதற்கு முன்னும் பின்னும், நம் முன்னோரின் உடலிலே எழுதப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதன் சான்றுகளும் பொருள்களாகவே இருந்தன.

1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் தமிழகத்திலிருந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியிலே பலரைக் கொண்டுபோயின. பின்னர் தூத்துக்குடிப் பக்கத்துத் தட்டப்பாறையிலும், அதன்பின் மண்டபத்திலும் முகாம்கள் அமைந்தன. அங்கே சில நாள் நிறுத்திவைத்து, உடல் சோதித்து, அம்மைப்பால் குத்தி, துணிகளை அவித்து அனுப்பினர். 1901 முதல், போகும் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றை வருவோர் கையிற் கொடுக்கும் முறை வந்தது. இத்தகர வில்லைகளை இன்று நாணயம் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகின்றனர். நம் பாட்டன் பாட்டியருக்கு அது ஒரு காலத்தில் பெயருக்குப் பதிலாக நின்றது. அது வெறும் தகரம் அன்று.

1872இல் தோட்டப்பகுதிகளுக்கென வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் வழியே தோட்டத்து டிஸ்பென்சரிகள் எழுந்தன. கட்டம் போட்ட மருந்துப் போத்தல், வெள்ளைப் பீங்கான் மருந்துக்கல், எனாமல் தட்டு, அளவுக் கண்ணாடி, பித்தளைத் தராசு இவையே டாக்டரையாவின் உலகம். 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தினர் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கினர். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரின் பாதத்து வழியே ஏறி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. செனப்போடியம் எண்ணெயை விழுங்கக் கொடுத்தனர். ஆனால் மலசலகூடமும் காலுக்குச் செருப்பும் இல்லாதவரை மருந்துண்டவருக்கும் நோய் திரும்பி வந்தது. அந்த மருந்துப் போத்தலையும் அந்நாளில் கூலியாள் அணியாத செருப்பையும் அருகருகே வைத்தால், நூல்கள் சொல்லாத உண்மையை அவை சொல்லும்.

கொயினாவின் கதை இன்னும் நெருக்கமானது. ஹக்கலைப் பூந்தோட்டம் இன்று மலர் பார்க்கப் போகும் இடம். 1861இல் அது சிங்கோனா மரம் வளர்க்கவே அமைக்கப்பட்டது. அம்மரப்பட்டையிலிருந்தே காய்ச்சல் மருந்தாகிய கொயினா கிடைத்தது. கோப்பி நோயுற்று வீழ்ந்தபோது தோட்டங்கள் பல சிங்கோனாவை நட்டன. பின்னர் தேயிலைக்கு மாறின. 1934ஆம் ஆண்டின் இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் பரவி, அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. நமக்கு அயலிலுள்ள கேகாலை மாவட்டம் பெருந்துன்பம் அடைந்தது. கொயினா மாத்திரைக்காகவும் கஞ்சிக்காகவும் மக்கள் வரிசையில் நின்றனர். அதே இலங்கை 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. ஆகவே கொயினாப் போத்தல் நூதனசாலைக்குப் போவது வெற்றியின் அடையாளம். நம் பெரியவர்களின் தோளிலே தெரியும் அம்மைக்குத்துத் தழும்பும் அத்தகையதே. பெரியம்மை உலகை விட்டு அகன்றதென 1980இல் அறிவித்தபின் அந்தத் தழும்பைப் பெறப் புதியவர் இல்லை. அதைத் தாங்கியவர்களே இன்று அதன் நூதனசாலை.

டிஸ்பென்சரிப் பொருள் ஒருபுறமிருக்க, லயத்துக் காம்பிராவுக்குள் இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பால் ஊட்டிய பாலாடை, வசம்பும் கடுக்காயும் ஜாதிக்காயும் உரைத்த சந்தனக்கல், ஈர்வாங்கி, மரச்சீப்பு, மைக்கூடு, காதுக்குறும்பிக் கரண்டியும் நகக்கூரும் ஒரே வளையத்திலே கோத்த முள்வாங்கி, மலைக்குப் போகுமுன் அட்டை ஏறாமலிருக்கக் காலிலே தேய்த்த சவுக்காரத் துண்டு, மழையைத் தாங்கிய கம்பளி. மாலையிலே பீலிக்கரையில் குளித்துவிட்டு, பகல் முழுவதும் குத்திய முள்ளை மண்ணெண்ணெய் விளக்கொளியில் மகள் எடுக்க, தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளே, அதுவும் வைத்தியமே. அதற்கு எந்த இடாப்பிலும் கணக்கில்லை.

இப்பொருள்களை இன்று எங்கே காணலாம்? கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. இலை உருட்டும் பொறிகளையும் தோட்டத் துரைமார் கருவிகளையும் அங்கே கண்டு மகிழலாம். அது தேயிலையின் கதை. தேயிலை பறித்தவரின் கதைக்கென, கம்பளைக்கு அண்மையில் பழைய பீகொக் தோட்டத்து லயமொன்றிலே 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று உருவாயிற்று. நம் மக்கள் வாழ்ந்த காம்பிராக்களே அங்கு காட்சி அறைகள். இளைஞர்கள் அவசியம் சென்று பார்க்கவேண்டும். ஆனால் ஒரு நூதனசாலை மலையகம் முழுவதையும் தாங்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனிக் கதையுண்டு. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனியாகும் இப்பக்கத்துக்கும் உண்டு. 1969 முதல் நம் ஊர் மின்சாரம் நாட்டுக்கு வெளிச்சம் தருகின்றது. நம் வீட்டுப் பழைய பெட்டிக்குள் மட்டும் இருள் இருக்கலாமா?

பெரியோர் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: “வறுமையின் சின்னங்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும்? பிள்ளைகள் படித்து முன்னேறும் காலத்தில் தகர வில்லையும் அடைப்பமும் வெட்கத்தையல்லவா தரும்?” இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று, பட்டவர்களின் வலியிலிருந்து பிறப்பது. எமது விடை இதுதான். வெட்கப்படவேண்டியவர் அந்தத் தகரத்தைக் கையில் வாங்கியவர் அல்லர். மனிதனுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்தவரே. பிள்ளைப்பேற்றுக்குக் கைகொடுத்த மருத்துவச்சி அல்லள். அவளைத் தீண்டத் தயங்கியவரே.

அதேவேளை பழமையெல்லாம் பொன் என்று பொய் சொல்லவும் கூடாது. சுத்தம் செய்யாத கத்தியால் தொப்புள்கொடி அறுத்து, சன்னி கண்டு மாண்ட சிசுக்கள் எத்தனையோ. தோட்டங்களில் சிசு மரணம் நெடுங்காலம் நாட்டின் பிற பகுதிகளைவிட அதிகமாயிருந்தது. மருத்துவச்சியின் அன்பும் உண்மை. அந்தக் கத்தியின் கொடுமையும் உண்மை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கும் துணிவு வேண்டும்.

ஆகவே, சங்கத்து இளைஞர்களே, இவ்வாண்டு ஒரு பணியை ஏற்குமாறு வேண்டுகின்றோம். மண்டபத்திலே ஒரு கண்ணாடி அலமாரியும் ஒரு தடித்த கொப்பியும் போதும். பழைய இரும்புக்காரர் வருமுன் நாம் வீட்டு வாசலுக்குப் போகவேண்டும். ஆனால் முறையறிந்து போகவேண்டும்.

பொருளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மனமில்லாதவரிடம் வற்புறுத்தாதீர்கள். இரவலாகத் தந்தாலும் போதும், படம் பிடிக்க விட்டாலும் போதும். பொருளோடு அதன் பெயரையும் வாங்குங்கள். நம் தோட்டத்திலே அதை என்னவென்று சொன்னார்கள், யார் கையாண்டார், எந்த நோய்க்கு, எப்படி என்பதை அவர் வாய்மொழியாகவே எழுதுங்கள். கைத்தொலைபேசியிலே குரலையும் பதியுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். கல்வத்தையும் மருந்துக்கல்லையும் தேய்த்துக் கழுவாதீர்கள். அடியில் ஒட்டிய கறையே, அதிலே என்ன மருந்து அரைத்தார்கள் என்பதை ஆராய்ச்சியாளருக்குச் சொல்லக்கூடும். பழைய போத்தலைத் திறந்து முகராதீர்கள். பாதரசமும் நஞ்சும் இருக்கலாம். பழைய ஊசிகளைக் கையாற் தொடாமல் டிஸ்பென்சரியில் அறிவியுங்கள். நோயாளர் இடாப்பு கிடைத்தால் பெயர்களை வெளியே படிக்காதீர்கள். ஒருவரின் நோய் அவருடைய இரகசியம். கல்லும் தொட்டியும் போன்ற பெரிய பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்து வையுங்கள்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். உரைமருந்தை எத்தனை சுற்று உரைப்பது, பாலாடையை எந்தச் சாய்வில் பிடிப்பது, முள் ஏறிய இடத்தை எப்படி இளக்குவது என்பவை உங்கள் விரல்களுக்குத்தான் தெரியும். இம்முறைகளில் எவை நல்லவை, எவை தீங்கானவை என்பதை வைத்தியர்கள் சொல்லட்டும். ஆனால் சொல்வதற்கு முன் அவை மறைந்துவிடக் கூடாது. மாலை வேளையில் உங்கள் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும்.

மிகிந்தலைக் கல் ஆயிரம் ஆண்டு கிடந்தது, அது கல்லாகையால். பொலன்னறுவை இடுக்கி நிலைத்தது, மண் அதனை மூடிக் காத்தமையால். நம் மரச்சீப்புக்கும் கம்பளிக்கும் தகர வில்லைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றைக் காக்க நாம் மட்டுமே இருக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அந்த அலமாரியின் ஒரு தட்டாவது நிறையட்டும். ஒவ்வொரு பொருளின் கீழும் அதனைக் கையாண்டவரின் பெயர், அவர் வீட்டார் சம்மதத்தோடு, தெளிவான தமிழில் எழுதப்பட்டிருக்கட்டும். எண்ணால் அழைக்கப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்துக்கு அதன் பிள்ளைகள் பெயர் திருப்பிக் கொடுப்பது அவ்வாறுதான்.